பின்வாசல் பால்

பால் தட்டை ஓர் எறும்புகூட மொய்க்கவில்லை என்பதைக் கலாவதி அன்றுதான் கவனித்தாள். சீனி டப்பாவைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்தாலும் நீந்திப் போய் ஏறிவிடுகிற தோட்டத்து எறும்புகள் அவை. இனிப்பான டின் பாலை வெந்நீரில் கரைத்து, பின்வாசல் சிமெண்டுப் படியில் வைத்திருந்தாள். இப்போது தட்டு காலி. ஓரத்தில் பிசுபிசுப்பு மட்டும் மிச்சம் இருந்தது. படி விரிசலிலிருந்து புறப்பட்ட எறும்புச் சாரையோ தட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே வளைந்து, சுற்றிக்கொண்டு, வேறு வழியாகப் போனது.

'எறும்புக்குக்கூட நான் செய்வது பிடிக்கவில்லை போல' என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டை எடுத்தாள். குனிந்து நிமிர இடுப்பு விட்டுப்போனது. ஏழு மாத வயிறு.

அவளுக்கு அந்த நாள்களில் யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. அதில் நியாயமும் இருந்தது. கோலா சிலாங்கூர் பட்டணத்தில், கடைக்கு மேல் மாடியில் பிறந்து வளர்ந்தவள். லோரி ஓட்டுகிற சன்னாசியைக் கட்டிக்கொண்டு, தஞ்சோங் காராங் சாலையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருந்த இந்தத் தோட்டத்துக்கு, தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பின்வாசலைத் திறந்தால் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்கள்தாம். வரிசை வரிசையாக, பகலிலும் அடியில் இருட்டை வைத்துக்கொண்டு நிற்கும். பேச்சுத் துணைக்கு அவள் பட்டணத்திலிருந்து கூடையில் வைத்துக் கொண்டுவந்த பூனை சோமு மட்டுமே இருந்தது. சோமுவும் மாடியிலேயே வளர்ந்தது. கால் மண்ணில் பட்டதில்லை. ஈரம் பட்டால் பாதத்தை உதறி உதறி நடக்கும் சீமான்.

அந்தச் சீமானுக்குத்தான் மாமியார் உலை வைத்தாள். ராவாங்கிலிருந்து மருமகளைப் பார்க்க வந்தவள், கட்டிலில் பூனை சுருண்டு கிடப்பதைப் பார்த்ததும் மார்பில் கை வைத்தாள்.

"புள்ளத்தாச்சி படுக்குற எடத்துல பூன மசுரா? வயித்துல இருக்கிறதுக்கு இளுப்பு வந்துரும். மொதல்ல ஒன்னு தங்காம போனது பத்தாதா?"

கலாவதி சோமுவைத் தூக்கிக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டாள். போன தடவை நான்காம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. அதற்காக யார் எதைச் சொன்னாலும் கேட்டாள். பப்பாளியைத் தொடவில்லை. அன்னாசியைப் பார்க்கக்கூட இல்லை. இப்போது பூனையும் போக வேண்டுமாம்.

"ஒரேயடியா வெரட்ட வேணாம் லா" என்று சன்னாசி சமாதானம் சொன்னான். "சாயங்காலத்துல கொஞ்ச நேரம் வெளிய விடு. மெல்ல மெல்லப் பழகிக்கும். அப்புறம் அதுவே உள்ள வராது."

பூனை கண்ணை மூடினால் உலகமே இருண்டுபோகும் என்பார்கள். சன்னாசி கண்ணை மூடினால் வீட்டுப் பிரச்சினை எல்லாம் தீர்ந்துபோகும். சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.

வெளியே விட்ட பிறகுதான் வினை. திரும்பி வரச் சோமுவுக்குத் தெரியவில்லை. பனைகளுக்கு நடுவே எங்கேயோ நின்று கத்தும், கூப்பிட்டால் வராது. தோட்டத்து இஞ்சின் ஓடினால்தான் லயத்துக்கு மின்சாரம். அதுவரை சூழ்கிற இருட்டில் அதற்கு வழி தெரியட்டும் என்று, பின்வாசல் படியில் பால் தட்டையும், பக்கத்தில் ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கையும் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தே விட்டிருப்பாள். நாள்தோறும் அதுவே வழக்கமாயிற்று.

பால் தீர்ந்தது. ஆனால் சோமு பின்வாசல் பக்கமே வரவில்லை. இருட்டிய பிறகு முன்வாசலில் வந்து நிற்கும். தூக்கி உள்ளே விட்டால் நெத்திலிக் கருவாட்டுச் சோற்றை நாள் கணக்கில் பட்டினி கிடந்ததுபோல விழுங்கும். அடுப்படிக்குள் மட்டும் கால் வைக்காது. வாசற்படியில் நின்று பின்கதவையே பார்க்கும். முதுகு மயிர் ஒவ்வொன்றாக எழும்பும்.

"அப்போ பால யாருங்க குடிக்கிறது?" என்று கேட்டாள்.

"மூசாங்கா இருக்கும்" என்றான் சன்னாசி. பனங்காட்டில் மரநாய்க்கா பஞ்சம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு வேலம்மா அப்படி நினைக்கவில்லை. உதிர்ந்த பனம்பழம் பொறுக்கும் வேலை அவளுக்கு. புருஷன் செத்துத் தனியாக இருந்தாள். துணி காயப்போடும்போது வேலி ஓரமாக வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"தங்கச்சி, தெனமும் பின்வாசல்ல பாலும் வெளக்கும் வைக்கிறியே, யாருக்கு?"

"பூனைக்குத்தான் அக்கா."

"பூனைக்குன்னு ஒனக்குத் தெரியும். இருட்டுல நின்னு பாக்குறதுக்குத் தெரியுமா?"

கலாவதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"எங்க வீட்டுக்காரரு போனப்ப பதினாறு நாளும் வச்சோம். அவரு பேரச் சொல்லித்தான் வச்சோம். காரியம் முடிஞ்சதும் தட்டக் கழுவிக் கவுத்திட்டு, இனிமே வராதீங்கன்னு சொல்லிக் கதவ அடச்சோம். பேரு சொல்லி வச்சா பேருக்குரியவங்க வருவாங்க. நீ பேரும் சொல்ல மாட்டேங்கிற, கதவையும் அடைக்க மாட்டேங்கிற. வயித்துப் புள்ளக்காரி வேற."

"டின் பாலு அக்கா அது. நாலு காசு பொறாத டின் பாலு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

ஆளுக்கொரு நாட்டாமை. பூனையை வெளியே விடு என்று ஒருத்தி. விட்டால், பால் வைக்காதே என்று இன்னொருத்தி. இவர்கள் எல்லோருடைய பயத்தையும் அவள் ஒருத்தியே சுமக்க வேண்டுமா? வயிற்றில் சுமப்பது போதாதா? ஆனாலும் மனம் கேட்கவில்லை. மறுநாள் விளக்கை வைக்காமல், கதவையும் சாத்திவிட்டாள். சோமு அன்று இரவு வரவே இல்லை. விடிந்தபின் காதோரம் கிழிந்து, உடம்பெல்லாம் சேறாக வந்து நின்றது. அதைத் துடைத்துவிட்டுக்கொண்டே கலாவதி அழுதாள். அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது மறுபடி வெளியே நழுவிவிட்டது. அன்று மாலை வீம்புக்கென்றே விளக்கை இன்னும் கொஞ்சம் தூண்டிவிட்டு, பாலையும் கட்டியாகக் கரைத்து வைத்தாள்.

அன்று பிற்பகலே மழை பிடித்துக்கொண்டது. ஆலையில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும் நாள். சன்னாசி இப்போதைக்கு வரமாட்டான். தகரக் கூரையில் விழுந்த மழை மெல்ல அடங்கி, பனை மட்டைகளிலிருந்து சொட்டுகிற ஓசையாக மாறியபோது வெளிச்சமும் அதோடு சேர்ந்து வடிந்துவிட்டது. ஈர மண் வாசனையோடும், அழுகும் பனம்பழத்தின் எண்ணெய் வாடையோடும் வேறொரு வாடை பின்வாசல் வழியாக வந்து அடுப்படியில் தங்கியது. புளித்த பாலின் வாடை. பிள்ளை கக்கிய துணியைத் துவைக்காமல் மூலையில் போட்டுவைத்தால் வருமே, அது. இஞ்சின் இன்னும் ஓடவில்லை. கலாவதி இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, சோமுவுக்காகக் காது கொடுத்தபடி இருந்தாள்.

படியில் நக்கும் சத்தம் கேட்டது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கடைசியில் பின்வாசல் வழியாக வரக் கற்றுக்கொண்டுவிட்டது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து படி தெரியவில்லை. திறந்த கதவுக்கு அப்பால் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பூனை நக்கினால் சளக் சளக்கென்று வேகமாகக் கேட்கும். இது மெதுவாக இருந்தது. நாக்கு தட்டில் படுகிற சத்தம் நீளமாக வந்தது. பிறகு ஒரு மிடறு விழுங்குகிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி நாக்கு.

"சோமு?"

நக்குவது நின்றது. பிறகு தொடர்ந்தது.

அத்தனை நாள் எரிச்சலும் அவள் வாய்க்கு வந்துவிட்டது. "வந்துட்டா உள்ள வந்து தொலையேன். எத்தன தடவ கூப்புடறது? உள்ள வா."

அப்போது முன்வாசலில் பூனை கத்தியது.

அவள் எழுந்தது அவளுக்கே தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்குப் போய்ச் சன்னலைத் திறந்தாள். வீட்டு முன்னால் ஓடிய கால்வாய்க்கு அந்தப் பக்கம், கடைசி வெளிச்சத்தில், நனைந்து எலும்பும் தோலுமாகச் சோமு நின்றிருந்தது. அதன் கிழிந்த காது தெரிந்தது. வாயைத் திறந்து மறுபடி கத்தியது.

அவளுக்குப் பின்னால், அடுப்படியில், தட்டு சிமெண்டுத் தரையில் உராய்ந்தது. உள்ளே. கதவுக்கு இந்தப் பக்கம்.

திரும்பிப் பார்க்க முடியவில்லை. கழுத்து கேட்கவில்லை. பின்வாசல் விளக்கின் மஞ்சள் சுவரில் ஒருமுறை அசைந்தது. அணைந்தது. புளித்த வாடை நெருங்கியது. முழங்கால் உயரத்தில் ஏதோ ஈரமாக, சில்லென்று, அவள் புடவையை ஒட்டி நின்றது. ஒரு மூச்சு.

பிறகு அதுவும் இல்லை.

தூரத்தில் இஞ்சின் இருமியது. இருமி, பிடித்து ஓடியது. தலைக்கு மேல் பல்பு எரிந்தது. கலாவதி மெல்லத் திரும்பினாள். அடுப்படியின் நடுவில் காலித் தட்டு கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கதவு மறைவில் பார்த்தாள். யாரும் இல்லை. வாடைகூடப் போய்விட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூசாங். பாழாய்ப்போன மூசாங் ஒன்று விளக்கைத் தட்டிவிட்டு ஓடியிருக்கிறது. வேலம்மாவின் பேச்சு மண்டைக்குள் புகுந்துகொண்டு படுத்துகிற பாடு. பின்கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டாள். இனி மாமியார் அல்ல, மாமியாரைப் பெற்றவள் வந்து சொன்னாலும் பூனை உள்ளேதான் இருக்கும். யாருக்கு இளுப்பு வந்தாலும் வரட்டும்.

முன்கதவைத் திறந்து தூறலில் இறங்கினாள். கால்வாய்ப் பலகையில் நின்று கை நீட்டினாள்.

"வாடா செல்லம். ஒன்னும் இல்ல. போயிருச்சு."

சோமு வரவில்லை. அது வீட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அதன் கண் அவள் வயிற்றில் நின்றது. மயிர் சிலிர்த்து, வயிறு மண்ணில் தேய, ஓரடி பின்னால் போனது. இன்னும் ஓரடி. பிறகு திரும்பிப் பனைகளுக்குள் ஓடி மறைந்தது.

பிறந்ததிலிருந்து அவள் மடியில் கிடந்த பூனை.

மழை தூறியது. லயத்து வீடுகளில் வானொலி பாடியது. அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், மிக அருகில், அது கேட்டது.

நாக்கு. நீளமாக. ஒரு மிடறு.

கலாவதி பின்னால் பார்த்தாள். வாசல் வெளிச்சமாக, வெறுமையாக இருந்தது. பலகைக்கு அடியில் பார்த்தாள். மழைத் தண்ணீர். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். சத்தம் வெளியிலிருந்து வரவில்லை.

கையை வயிற்றில் வைத்தாள்.

தோலுக்கு அடியில், உள்ளங்கையில் படும்படியாக, மெதுவாக, அவசரமே இல்லாமல், உள்ளே ஏதோ நக்கியது. விழுங்கியது. பிள்ளை ஒருமுறை பலமாக உதைத்தது. இன்னொரு முறை உதைத்தது, கொஞ்சம் சோர்வாக. அதற்கப்புறம் உதைக்கவில்லை.

நக்குவது மட்டும் நிற்கவில்லை.