நான்காம் பக்கத்துக் குளிர்

நேற்று மூன்று பக்கமாக இருந்த கடிதம் இன்று நான்கு பக்கமாக இருந்தது.

வான்மதி மடிக்கணினியில் திரும்பப் பார்த்தாள். நான்குதான். இருநூறு வருடத்துக்கு முன் அமெரிக்கப் பூர்வகுடிகளான சாக்டா மக்களின் தலைவர் ஒருவர் வாஷிங்டன் அரசாங்கத்துக்கு எழுதியது. பழைய கையெழுத்தை இயந்திரம் படித்துத் தட்டச்சு செய்துவிடும். வாய்விட்டுப் படித்து அதன் பிழைகளைத் திருத்துவது அவள் வேலை. மண்ணைப் பிடுங்கிக்கொண்டு அந்த மக்களை மேற்கே நடக்கவிட்ட குளிர்காலம் பற்றித்தான் எல்லாக் கடிதமும். போர்வை தருவதாகச் சொன்னீர்கள், வரவில்லை. வண்டி தருவதாகச் சொன்னீர்கள், வரவில்லை. கெஞ்சல் கிடையாது. கூட்டத்துக்காகப் பேசப் போன ஆள் நிமிர்ந்து நின்று கேட்கிற கேள்வி.

அவர்கள் குடியிருந்த காப்பெல் ஊரில் காலையிலிருந்து பனிமழை. கரண்ட் போய் ஹீட்டர் நின்று, பொழுது சாயும்போது சுவரைத் தொட்டால் கை விறைத்தது. கணவன் சபரிநாதன் போன வேலை முடிந்தும் ஹூஸ்டனில் மாட்டிக்கொண்டிருந்தான். போனில் கூப்பிட்டான்.

"ஃப்ரீவே மூடிட்டாங்க மதி. நாளைக்குத்தான் டிரைவ் பண்ண முடியும். அந்தச் செத்தவங்க லெட்டர மூடி வெச்சிட்டு அதிதிய கட்டிப் பிடிச்சிட்டுத் தூங்கு."

"எழுதினவருதான் செத்தாரு. அவரு வம்சம் பக்கத்து ஸ்டேட்ல நல்லாத்தான் இருக்கு. நீ மொதல்ல சாப்பிடு."

அத்தோடு போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. ஆறு வயது மகள் அதிதி மஞ்சள் பைஜாமாவில் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வான்மதி நான்காம் பக்கத்தை வாய்விட்டுப் படித்தாள். வழியில் இருந்த வீடுகளைத் தட்டினோம். பிள்ளைகளை மட்டுமாவது உள்ளே விடுங்கள் என்றோம். விளக்கை அணைத்துக்கொண்டார்கள்.

செங்கல் சூளையில் பிறந்தவள் அவள். மழைக்கு ஒதுங்கப் போன இடத்திலெல்லாம் விரட்டப்பட்டவள். வாசலில் யார் நின்றாலும் யோசிக்காமல் வருகிற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"உள்ள வாங்க."

யாரிடம் சொன்னோம் என்று அப்புறம்தான் உறைத்தது.

கதவு திறந்த சத்தம் எதுவும் இல்லை. ஆனால் நனைந்த கம்பளியின் மக்கிய வாடையும் விறகுப் புகையும் குதிரை வியர்வையும் நாள்பட்ட இருமலின் புளித்த மூச்சும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, அவள் மத்தியானம் வைத்த ரசத்தின் வாசனையை அடித்துத் தள்ளிவிட்டு ஹால் முழுக்க நின்றன. மடிக்கணினி வெளிச்சத்தில் கார்ப்பெட்டைப் பார்த்தாள். ஈரக் காலடிகள். செருப்பில்லாத கால்கள். வாசலிலிருந்து உள்ளறைக்குப் போயிருந்தன. திரும்பவில்லை.

"அதிதி?"

"அம்மா, தே ஆர் ஸோ கோல்ட்."

ஓடினாள். உள்ளறை கும்மிருட்டு. சுற்றிலும் மூச்சு. நிறைய மூச்சு. கட்டிலில் தடவி, கையில் பட்ட சின்ன உடம்பை இழுத்து அணைத்து, கனத்த போர்வையைத் தலைவரை மூடிக்கொண்டாள். ஒரு கை அவள் கையை இறுகப் பற்றியது.

"பயப்படாத குட்டி. அம்மா இருக்கேன்."

அப்போது தெருவில் ஒரு ஆண் குரல். இங்கிலீஷில் தலை எண்ணியது. அறையிலிருந்த அத்தனை மூச்சும் ஒரே நேரத்தில் நின்றது. அவர்கள் பயந்தார்கள்.

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். சூளையில் மேஸ்திரி ஆள் எண்ணுகிற குரல் அது. ஒரு தலை குறைந்தால் கையில் கிடைத்த பிள்ளையை இழுத்து வரிசையில் நிறுத்திக் கணக்கைச் சரிசெய்வார்கள்.

கால்கள் தரையில் இழுபட்டு வெளியேறின. ஒன்றன் பின் ஒன்றாக.

குரல் எண்ணி முடித்தது. ஒரு தலை குறைந்தது. திட்டியது. மறுபடி எண்ணியது.

வான்மதி பிள்ளையை நெஞ்சோடு நெருக்கினாள். தர மாட்டேன். இவளைத் தர மாட்டேன்.

இந்த முறை எண்ணிக்கை சரியாக வந்தது. குதிரைக் குளம்புச் சத்தம் நகர்ந்தது.

மூச்சு விட்டாள். போர்வையை விலக்கி ஜன்னலைப் பார்த்தாள். பனி வெளிச்சம். மூட்டை சுமந்து குனிந்து நடக்கிற வரிசை. அதன் கடைசியில் ஒரு சின்ன உருவம். மஞ்சள் பைஜாமா. வெறுங்கால். வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

"அதிதி..."

எழப் பார்த்தாள். முடியவில்லை.

அவள் கையைப் பற்றியிருந்த கை விடவில்லை. ஐஸாக இருந்தது அது.