நான்காவது பெல்ட்

போன் அலறியது!

காலை ஏழு மணி. மலையூரான ரிங்லெட்டில் மழை விட்டும் தூறல் விடவில்லை. முப்பது வருடமாகக் கார் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக், ஊர்ப் பேச்சில் 'போமன்', லியோனார்ட், முட்டிவலிக்குத் தைலம் தேய்த்தபடி எரிச்சலோடு எடுத்தார்.

"அண்ணே... விக்னேஸ்வரி பேசுறேன். மறுபடியும் கார் இஞ்சின் பெல்ட் அறுந்துடுச்சு!"

"நேத்துதானேம்மா புதுசு போட்டேன்!"

"தாப்பா ஆஸ்பத்திரிக்குப் போற ரோட்டுல நிக்கிறேன். மாமா பின் சீட்ல இருக்காரு. பத்து மணிக்கு டயாலிசிஸ். திங்கட்கிழமையும் தவறிப் போச்சு. இன்னிக்கும் தவறுனா உயிருக்கு உத்தரவாதம் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு!"

ஒரு மாதத்தில் நான்காவது பெல்ட்!

"முன்ன மாதிரி அறுந்ததைத் தூக்கிப் போட்டுடாத. வர்றேன்."

முதல் தடவை மலிவு சரக்கு என்று பெல்ட்டைத் திட்டினார். இரண்டாவது தடவை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை மாற்றினார். மூன்றாவது தடவை, பெல்ட் சுற்றும் சக்கரங்களான புல்லிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தார். இருந்தன! பாழாய்ப்போன பெல்ட்தான் இருக்க மாட்டேன் என்றது.

அவள் கார் நின்ற வளைவில் லோரியை நிறுத்தி இறங்கினார். காரின் பின் சீட்டில், கம்பளிக்குள் கண்மூடிக் கிடந்தார் அவள் மாமனார் கருப்பையா. வயது எழுபத்திரண்டு. சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருடம்.

விக்னேஸ்வரி அறுந்த பெல்ட்டை நீட்டினாள்.

எண்ணெய் பட்டிருந்தால் ஊதியிருக்கும். புல்லி கோணியிருந்தால் ஓரம் தேய்ந்திருக்கும். இதுவோ... பாதி அகலம் நார் நாராகப் பிய்ந்திருந்தது. மீதிப் பாதி வழவழவென்று சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது!

லியோனார்ட் அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"தங்கச்சி... யாரோ கத்தியால பாதி வெட்டி விட்டிருக்காங்க!"

"ஐயோ! யாருண்ணே?"

"உன் வீட்டுக்காரன் எப்படி?"

அவள் ரோட்டோரக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நேத்துகூடச் சண்டை. 'அப்பா போய்ட்டா எல்லாருக்கும் நிம்மதி'ன்னு கத்துனாரு. ஆனா அவருக்கு வாய்தான்லா நீளம்..." குரல் உடைந்தது. "மூணு வருஷம்ணே. வாரம் மூணு நாள் இந்த வளைவுங்கதான். வேலையையும் விட்டுட்டேன். எனக்குத் தூங்கணும்ணே... வேற ஒண்ணும் வேணாம்."

லியோனார்ட் அவள் புருஷனுக்கே போனை அழுத்தினார்.

"டேய் தினேஸ்வரன்! பெல்ட்டை வெட்டுனியா?"

"நானா? பானெட்டுக்குள்ள எது எதுன்னே எனக்குத் தெரியாதுண்ணே! வைப்பருக்கு ஊத்த வேண்டிய தண்ணிய ஆயில் டேங்க்ல ஊத்துனேனே... மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அதைச் சுத்தம் பண்ண இரண்டு நாள் பிடித்தது.

அப்படியானால் யார்?

வெட்டை மறுபடியும் பார்த்தார். ஏன் சாய்வு? நேராக வெட்டினால் சுலபம். அவசரத்தில் திருட்டு வேலை செய்பவன் யாராவது மெனக்கெட்டுச் சாய்த்து வெட்டுவானா?

வெட்டுவான்... தேயிலையில் கவாத்து வெட்டிய கை என்றால்! கிளையை நேராக வெட்டினால் மழைத் தண்ணீர் தேங்கி அழுகிவிடும். கவாத்துக்காரன் சாய்த்துத்தான் வெட்டுவான். அந்தக் கைக்கு நேர்வெட்டே வராது!

பின் கதவைத் திறந்தார்.

"ஐயா... எஸ்டேட்ல எத்தனை வருஷம் கவாத்து வெட்டுனீங்க?"

மூடியிருந்த கண்கள் திறந்தன.

"முப்பத்திரெண்டு."

"கத்தியைக் குடுங்க."

கம்பளிக்குள்ளிருந்து வெளியே வந்தது... சின்ன வளைந்த கத்தி!

"மாமா...!" விக்னேஸ்வரி வீறிட்டாள்.

"வீட்டுலயே முழுசா அறுத்தா மருமக உன்னைக் கூப்பிட்டு உடனே சரி பண்ணிடுறா, லியோனார்ட்டு. அதான் பாதி. வழியில நின்னுட்டா வீட்டுக்குத் திரும்பிப் போய் கொஞ்சம் படுப்பா... நானும் களைச்சிட்டேன்பா. போதும்."

"அதே பெல்ட்தான் ஸ்டீரிங்குக்கும் பவர் குடுக்குது ஐயா! வளைவுல அறுந்தா ஸ்டீரிங் இறுகிடும். உங்களோட இவளும் பள்ளத்துக்குள்ள போயிருப்பா!"

கிழவரின் முகம் வெளுத்தது. சாவுக்குப் பயப்படாதவர் இப்போது பயந்தார்.

"அது... எனக்குத் தெரியாதே..."

விக்னேஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களைச் சாகக் குடுத்துட்டு நான் எப்படி மாமா தூங்குவேன்?"

அவர் தேம்பினார். லியோனார்டுக்கு இரண்டு பேர் மீதும் பாவமாக இருந்தது. கோபப்படத் தெம்பில்லை.

மணி எட்டு.

"தங்கச்சி, தினேஸ்வரன் மோட்டார் சைக்கிள்ல வந்து உன்னைக் கூட்டிட்டுப் போவான். போய்ப் படு. இனிமே திங்கட்கிழமை மட்டும் நீ ஓட்டு; இன்னிக்கு மாதிரி புதன்கிழமை என் டர்ன். வெள்ளிக்கிழமை அவன் ஓட்டட்டும். மாட்டேன்னா என்கிட்ட சொல்லு. ஐயா, லோரியில ஏறுங்க!"

கருப்பையா தட்டுத்தடுமாறி ஏறினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் பார்த்தார். பானெட்டையே காணோம்!

"இதுல இஞ்சின் எங்கப்பா இருக்கு?"

"நீங்க உக்காந்திருக்கிற சீட்டுக்கு அடியில ஐயா. தாப்பா வர்ற வரைக்கும் அசையாம அது மேலயே உக்காந்துட்டு வாங்க!"