சிவப்பில் நின்ற ரயில்

முப்பத்தெட்டுப் படங்களிலும் அந்த ஒருத்தி மட்டும் கலங்கியிருந்தாள்.

மற்றவர்களெல்லாம் சரியாக இருந்தார்கள். பெட்டியின் மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர், குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவள், கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கும் போர்ட்டர் என்று பிளாட்பாரத்தில் நின்ற இருபது சொச்சம் பிளாஸ்டிக் மனிதர்களும் சட்டைப் பொத்தான்வரை தெளிவாக விழுந்திருந்தார்கள். பிளாட்பாரத்தின் கோடியில் தனியாக நின்ற மஞ்சள் உடைக்காரி மட்டும், ஈரம் காயும் முன் யாரோ கட்டைவிரலால் தேய்த்துவிட்டதுபோல் இருந்தாள். விரல்கணு உயரம்கூட இல்லாத பொம்மை. காலடியில் பசை வைத்து ஒட்டியது.

புகைப்படக்காரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மடிக்கணினியின் திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தாள். பிறகு ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேஜைமேல் குனிந்து அந்தப் பொம்மையின் முதுகை லேசாகத் தள்ளினாள். அசையவில்லை. குச்சிதான் வளைந்தது.

மாதிரி ரயில்களுக்கென்று வரும் மாத இதழ் ஒன்றுக்கு அவள் ஆறு வருஷமாகப் படம் எடுக்கிறாள். அதற்கு முன்னால் பம்பு செட்டுகளையும் குக்கர் மூடிகளையும் விலைப்பட்டியலுக்காக எடுத்துக்கொண்டிருந்தவள். சின்ன ரயிலைப் பெரிய ரயிலாகக் காட்டும் வித்தையில் பாதி, கேமராவை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. மேலேயிருந்து எடுத்தால் அது பொம்மை. பொம்மை மனிதனின் கண் உயரத்துக்கு லென்ஸை இறக்கிவிட்டால் அது ஓர் ஊர். மீதிப் பாதி பொறுமை. முன்னால் இருக்கும் தண்டவாளத்தின் ஆணியும் பின்னால் இருக்கும் மலையும் ஒரே படத்தில் தெளிவாக விழாது. அதனால் ஃபோகஸை மயிரிழை மயிரிழையாக உள்ளே நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் எட்டு நொடி வெளிச்சம் கொடுத்து, முப்பத்தெட்டுப் படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றாக்க வேண்டும். எட்டு நொடியில் அசையாதது தெளிவாக விழும். அசைந்தது கலங்கும். இதில் வேறு கணக்கே கிடையாது.

அந்த அறையிலோ அசைவதற்கு எதுவும் இல்லை. வெளிச்சம் நுழையாமல் இருக்க ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. மின்விசிறியை அவளே நிறுத்தியிருந்தாள். வெளியே நல்ல வெயில் அடிக்கும் முற்பகல். உள்ளே அவளுடைய இரண்டு விளக்குகள், சூடேறிய தூசியின் வாசனை, காய்ந்த பசையின் வாசனை, மேஜைக்கடியில் டிரான்ஸ்பார்மரின் மெல்லிய ரீங்காரம். சுவரோடு சுவராக மூன்று பக்கமும் ஓடிய மேஜையில் ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம், ஒரு மலை, மலைக்குள் போகும் சுரங்கத்தின் கறுப்பு வாய்.

இதைக் கட்டியவர் முப்பத்தோரு வருஷம் நிஜ ரயில் ஓட்டியவர். இதழ் வெளிவந்த நாளிலிருந்து அவருடைய கடிதம் வராத மாதமே இல்லை. அந்தச் சிக்னலின் கை இவ்வளவு தாழாது, இந்தப் பெட்டிக்கு ஜன்னல் ஒன்பது, நீங்கள் பத்து போட்டிருக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டே இருப்பார். பத்திரிகை ஆசிரியர் அவருக்குப் பிழைத்திருத்தம் என்றே பெயர் வைத்துவிட்டார். கடைசியில் பிழைத்திருத்தமே தன்னுடைய ஸ்டேஷனைப் படமெடுக்கச் சம்மதித்து, தேதியும் குறித்துக் கொடுத்து, அந்தத் தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தூக்கத்தில் போய்விட்டார். அவருடைய மனைவி அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கை வீட்டோடு போகிறார். அதனால் எல்லாம் இன்றைக்கே முடிந்தாக வேண்டும்.

அந்த அம்மாள் தேநீர் கொண்டுவந்தபோது புகைப்படக்காரி திரையைக் காட்டிக் கேட்டாள், இந்தப் பொம்மை மட்டும் ஏதாவது கம்பியில் நிற்கிறதா என்று. அம்மாள் திரையைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரமே இல்லாத கையை.

பிறகு சொன்னார். இருபது வருஷம் இருக்கும். இதே ஸ்டேஷன், இதே பிளாட்பாரம். கணவர் ஓட்டிவந்த வண்டி அங்கே நிற்காத வண்டி. கோடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் குதித்தாளா, கால் தடுக்கியதா என்று விசாரணையில் எத்தனை பேர் எத்தனை தடவை கேட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் இந்த மேஜைக்குப் பலகை வாங்கிவந்தார்.

"பிரேக் போட்டாச்சுனா வண்டி நின்னுடும்னு எல்லாரும் நெனைக்கறாங்க," என்றார் அம்மாள். "நிக்காதாம்மா. நாம பாட்டுக்குப் பிடிச்சுட்டு நிக்கணும், அது பாட்டுக்குப் போகுமாம்."

ரயில் எங்கே என்று புகைப்படக்காரிக்கு அப்போதுதான் தோன்றியது. நீல இன்ஜினும் ஐந்து பெட்டிகளும் பாலத்துக்கு அப்பால், ஒரு சிவப்பு சிக்னலுக்குமுன் நின்றிருந்தன. சிக்னலுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் அவர் துடைத்துத் துடைத்துப் பளபளத்தது. இந்தப் பக்கம், ஸ்டேஷன்வரைக்கும், தூசி படிந்து மங்கிக் கிடந்தது. ஒருமுறைகூடச் சக்கரம் ஏறாத தண்டவாளம்.

"ஒன்பது வருஷமா அங்கதான் நிக்குது," என்றார் அம்மாள். "நீ எத்தனை படம் வேணும்னாலும் எடுத்துக்கோம்மா. அதை மட்டும் நகர்த்தாத."

நகர்த்த மாட்டேன் என்று அவள் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள்.

அம்மாள் போனதும் கேமராவின் முக்காலியை இறுக்கி, மேஜைக் கால்களுக்கடியில் அட்டை சொருகி, அடுத்த அறையில் உறுமிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜை அம்மாளிடம் கேட்டு அணைத்துவிட்டு வந்து, எல்லாப் படங்களையும் மறுபடி எடுத்தாள். படம் விழுந்துகொண்டிருந்த ஐந்து நிமிஷமும் காலைக்கூட மாற்றி வைக்காமல் நின்றாள். பிறகு பெரிதாக்கிப் பார்த்தாள்.

இந்தத் தடவை உடம்பு கலங்கவில்லை. மஞ்சள் உடையின் மடிப்புகள்கூடத் தெரிந்தன. முகம் மட்டும் இரண்டாக இருந்தது. ஒன்று தண்டவாளத்தைப் பார்த்தது. ஒன்று லென்ஸைப் பார்த்தது.

அவள் பொம்மையைத் திரும்பிப் பார்த்தாள். அது தண்டவாளத்தைப் பார்த்தபடிதான் நின்றது. பிடரியில் வண்ணம் ஒரு பொட்டு உதிர்ந்திருந்தது. நேரம் போகப் போக, தான் அந்தக் கோடிக்கு முதுகைக் காட்டாமலேயே அறைக்குள் நடந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியவந்தது. லென்ஸ் மாற்றும்போதும் பக்கவாட்டில்தான் குனிந்தாள். தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். பகல் பன்னிரண்டரை மணிக்குப் பிளாஸ்டிக்குக்குப் பயப்படுகிற பொம்பளை.

ஆசிரியரை அழைத்தாள். விஷயத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரு பொம்மை சரியாக விழவில்லை என்று மட்டும் சொன்னாள். அவர் சிரித்தார். பிழைத்திருத்தத்தின் வீட்டிலேயே பிழையா என்று கேட்டார். பிறகு சிரிப்பு நின்றது. அட்டைக்கு வெறும் ஸ்டேஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். ரயில் இல்லாத ரயில் பத்திரிகையை யார் கையில் எடுப்பார்கள்?

"வண்டியை உள்ள கொண்டுவந்து நிறுத்து. அந்தப் பொம்மையும் இன்ஜினுக்குப் பின்னால மறைஞ்சிடும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா," என்றார். நாளைக் காலையில் அட்டை அச்சுக்குப் போகிறது என்றும் சொன்னார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாள் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். சீரான மூச்சு நடைவழிவரை கேட்டது. புகைப்படக்காரி அறைக்கதவை ஓசையில்லாமல் சாத்தினாள். அரை மணி நேரம். வண்டியைக் கொண்டுவந்து, படமெடுத்து, பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய் அதே இடத்தில் நிறுத்திவிடலாம். தண்டவாளத்தில் தூசி கலைந்ததைத் தவிர வேறு தடயம் இருக்காது. அதையும் யார் பார்க்கப்போகிறார்கள்?

ஒரு துணியால் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மஞ்சள் உடைக்காரிக்கு நேரே வந்ததும் கை தானாக வேகமெடுத்தது. பிறகு சிக்னலின் கையை நகத்தால் இறக்கினாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. மேஜையோரத்துக் கன்ட்ரோலரின் குமிழைக் கால்வாசி திருப்பினாள்.

ஒன்பது வருஷம் நின்ற வண்டி ஒரு முக்கலும் இல்லாமல் கிளம்பியது. நேற்றுத்தான் எண்ணெய் போட்டதுபோல் பாலத்தின்மேல் ஏறி, கம்பிகளின் நிழல் ஒவ்வொன்றாக நீல முகத்தில் விழுந்து விலக, பெட்டிகளின் ஜன்னல்களில் கடுகளவு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய, அது வளைவில் திரும்பி ஸ்டேஷனைப் பார்த்து வந்தது. அழகாக இருந்தது. ஒரு கணம் பயமெல்லாம் மறந்து, இதுதான் அட்டை என்று நினைத்தாள்.

வேகம் கூடியது.

அவள் குமிழைத் தொடவில்லை. டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம் மேலேறியது. இரும்பு இரும்பில் தேயும் நாற்றம் வந்தது, பெரிய ஸ்டேஷன்களில் வருமே, அந்த நாற்றம், கட்டைவிரலளவு மோட்டாரிலிருந்து வரவே முடியாத நாற்றம். குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். கிளிக் என்று நின்றது குமிழ். வண்டி நிற்கவில்லை. இன்னும் திருப்பினாள். திருப்ப இடமில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள். அது பாட்டுக்குப் போனது.

மெல்லிய ஒரு தட்டல். அரிசி ஒன்று தரையில் விழுந்ததுபோல்.

ஒன்றரைப் பெட்டி தூரம் தள்ளிப்போய் வண்டி நின்றது.

பிளாட்பாரத்தின் கோடியில் யாரும் இல்லை. பசையின் வட்டம் ஒன்று மட்டும் மினுங்கியது.

குனிந்து சக்கரங்களுக்கடியில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பொம்மை உடைந்திருந்தால் எடுத்து ஒட்டிவிடலாம். அவளால் குனிய முடியவில்லை. நேராகப் பார்ப்பதைவிடத் திரையில் பார்ப்பது சுலபம் என்று பட்டது. கை தன் வேலையைச் செய்தது. பொத்தானை அழுத்தினாள்.

முதல் படம் வந்தது. தண்டவாளத்தின் ஆணிகள். எட்டு நொடி. அடுத்தது. இன்ஜினின் முன்விளக்கு. எட்டு நொடி. முகப்பின் நீலம். எட்டு நொடி. ஓட்டுநர் அறையின் ஜன்னல்.

உள்ளே ஒருத்தி இருந்தாள்.

நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி. காதோரம் வெட்டிய முடி. வலது கை எதையோ இறுகப் பிடித்திருந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது. துளிகூடக் கலங்கவில்லை.

புகைப்படக்காரி தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

இன்ஜினைத் திரும்பிப் பார்த்தாள். நகத்தளவு ஜன்னலில் விளக்கின் பிரதிபலிப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. திரையில் அடுத்த படம் வந்தது. அவளுடைய முகத்தைக் கொண்டவள் இப்போது இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்திருந்தாள்.

நடைவழியில் செருப்புச் சத்தம். கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"வண்டிய எடுத்தியாம்மா?" அம்மாளின் குரலில் தூக்கம் இருந்தது. "ஏதோ சத்தம் கேட்டாப்ல இருந்துது."

ஆமாம் என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். உள்ளே வாருங்கள், வந்து அறை விளக்கைப் போடுங்கள். நாக்கு அசைந்தது. உதடு அசைந்தது. தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை.

பதில் மேஜையிலிருந்து வந்தது. கொசுவின் பாட்டைப்போல் மெலிந்து கிளம்பி, கதவை எட்டும்போது அச்சு அசலாக அவளுடைய குரலாகவே முழுத்திருந்தது.

"இல்லம்மா. அங்கயேதான் நிக்குது. நீங்க படுங்க."

"சரிம்மா."

செருப்புச் சத்தம் நடைவழியில் திரும்பிப் போனது. கட்டில் கிரீச்சிட்டது.

குமிழ் பூஜ்யத்தில் இருந்தது. வண்டி கிளம்பியது. இன்ஜின் முதலில், பிறகு பெட்டி பெட்டியாக, விளக்கெரியும் ஜன்னல்களோடு, அவசரமே இல்லாமல் அது மலையின் கறுப்பு வாய்க்குள் போனது. அவள் திரும்பினாள். கதவுவரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி, அம்மாளைக் கூப்பிட்டு அலறினாள்.

அறை அமைதியாக இருந்தது. அந்த அலறல் சுரங்கத்துக்குள்ளிருந்து, ஊசிமுனையளவில், போய்க்கொண்டே கேட்டது.