நடு வோல்டேஜ்

கேமராவை மாற்றினாலும் அது அங்கேயேதான் நின்றது. கோழிக்கொட்டகையின் வாசலைக் காட்டும் படத்திலும் நின்றது, கடைக்கோடியில் சுழலும் பெரிய விசிறிகளைக் காட்டும் படத்திலும் நின்றது. திரையின் இடப்பக்கம், ஆள் உயரத்துக்கு, தலை சற்றே சாய்ந்தாற்போல ஒரு சாம்பல் நிறம்.

அதைக் கண்ட நாள் முதல் காளிதாஸ் அந்தத் திரை இருந்த அறைக்குள் தனியாக வருவதையே விட்டுவிட்டான். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காடுகளுக்கு நடுவில் இருந்த அந்த முட்டைப் பண்ணையில் கணவனும் மனைவியுமாகத் தங்கி வேலை பார்த்தார்கள். கோழிகள் அவன் பொறுப்பு. கண்ட்ரோல் ரூமும் அதிலுள்ள மின்சாமான்களும், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்த சத்யபிரியாவின் பொறுப்பு. அவன் திரையைக் காட்டிப் பயந்தபோது அவள் சிரித்தேவிட்டாள்.

"ஏனுங்க, கேமராவ மாத்துனா பேயும் கூடவே மாறி வருமாங்க? அது பேனல்ல உழுந்த கறைங்க."

விளக்கமும் சொன்னாள். எல்.சி.டி. கண்ணாடிக்குள் இருக்கும் திரவத்துக்கு ஒரே பக்கமாக மின்சாரம் கொடுக்கக் கூடாது, பக்கம் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இருக்க, நடுவில் ஒரு வோல்டேஜ் அசையாமல் நிற்க வேண்டும். அது நழுவினால் படம் நடுங்கும், நெடுநேரம் ஆடாமல் அசையாமல் இருந்த படம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். நழுவாமல் பிடித்துவைக்கும் சர்க்யூட் பழுதாகியிருக்கிறது, அவ்வளவுதான். காளிதாஸ் நம்பிவிட்டான், நம்பியதோடு நில்லாமல், தீவனம் ஏற்றிவந்த லாரி டிரைவரிடம் தானே கண்டுபிடித்ததுபோல அதை அளக்கவும் செய்தான்.

அந்தச் சர்க்யூட்டுக்காகச் சேலத்தில் சொல்லிவைத்திருந்த புது ஐ.சி. சில்லு ஒரு மழைச் சாயங்காலம் வந்து சேர்ந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டரின் முதுகைத் திறந்துவைத்து, ஈயம் உருகும் வாசனையும், ஜன்னல் வழியே வந்த கோழி எச்சத்தின் காரமும், டீசல் புகையும் ஒன்றாக மூக்கில் ஏற, பழையதைப் பிடுங்கிப் புதியதைப் பற்றவைத்தாள். சுவருக்கு அப்பால் ஆயிரக்கணக்கான கோழிகளின் கொக்கரிப்பு ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது.

"விசிறி ஒண்ணு நின்னுபோச்சாட்ட இருக்குது சாமி. பாத்துட்டு வாரேன்," என்று அறை வாசலில் நின்று அவளிடம் செல்லமாகச் சொல்லிவிட்டுக் காளிதாஸ் கொட்டகைக்குள் போனான்.

அவள் மானிட்டரை நிமிர்த்தி, கையைப் பின்னால் விட்டு, நடு வோல்டேஜைச் சரிசெய்யும் சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பினாள். நடுக்கம் குறைந்தது. இன்னும் கொஞ்சம். சாம்பல் நிறம் கரைந்து கரைந்து இல்லாமல் போனது. கழுவிவிட்டாற்போலப் படம் தெளிந்து நிற்க, கூண்டு வரிசைகளுக்கு நடுவே காளிதாஸ் நடந்துபோவது பளிச்சென்று தெரிந்தது. தன் கைவேலையில் அவளுக்கே பெருமையாக இருந்தது. ஒரு கை திருகாணியிலேயே இருக்க, மறுகையால் அடுத்த கேமராவைப் போட்டாள். சுத்தமாக இருந்தது. அதற்கடுத்ததைப் போட்டாள்.

விசிறிக்குப் பக்கத்தில் அது நின்றது.

இடப்பக்கத்தில் இல்லை. திரையின் நடுவில். தலை சாய்ந்திருந்தது.

கறை இடம் மாறாது. வாசல் கேமராதான் எப்போதும் திரையில் ஓடும். கறை விழுமளவுக்கு நாள்கணக்கில் அந்த வாசலில் அசையாமல் நின்றது எது? படம் ஏன் தங்கியது என்றே யோசித்தாளே தவிர, எதன் படம் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

செல்போனில் அழைத்தாள்.

"என்னங்க, வெளிய வந்துருங்க. உங்களுக்கு முன்னால நிக்குது."

"எது?"

"அதுதானுங்க! அந்த உருவம்!"

அவன் சிரித்தான். "கறைன்னு நீதான சொன்னே. இங்க ஆருமில்ல சாமி."

திரையில் அவன் அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தான். முகத்துக்கு முகம்.

"ஓடியாந்துருங்க. உங்க கால்ல உழுகறேன், ஓடியாந்துருங்க."

கோழிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது. எல்லாம். ஒன்றுவிடாமல்.

அவள் எழுந்து ஓடப் பார்த்தாள். கை திருகாணியை விட்டதும் படம் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் காளிதாஸ் வெளுத்தான். அவன் உடம்புக்குப் பின்னால் இருந்த கூண்டுக் கம்பிகள் தெரிந்தன. அது மட்டும் வெளுக்கவில்லை. பதறிப்போய் மறுபடி திருகாணியைப் பிடித்தாள். படம் நின்றது. கணவன் முழுதாகத் திரும்பி வந்தான். கையை எடுத்தால் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லாமலே தெரிந்தது.

வெளியே ஜெனரேட்டர் இருமியது.

விளக்கு மங்கியது. வோல்டேஜ் சரிந்தது. அவள் திருகினாள். ஏறியது, திரும்பத் திருகினாள். விரல் வழுக்கியது. "சாமி, நில்லு, நில்லு" என்று கரண்டைக் கெஞ்சினாள், புது ஐ.சி.யைக் கெஞ்சினாள். காளிதாஸ் தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தான். வாய் திறந்தது. ஏதோ சொன்னான். போனில் காற்று மட்டும் கேட்டது.

இன்னொரு இருமல்.

திருகாணி கடைசிவரை வந்துவிட்டது. அதற்குமேல் திரும்பவில்லை. அவன் தோள் போனது. முகம் போனது. நீட்டிய கை கொஞ்ச நேரம் இருந்தது. அவள் கண்ணாடியில் தன் கையை வைத்து அழுத்தினாள். அவன் கையும் போனது.

பிறகு ஜெனரேட்டர் சீராக ஓடத் தொடங்கியது. கோழிகள் கொக்கரித்தன. படம் துளியும் நடுங்காமல், தெளிவாக நின்றது.

"வேல முடிஞ்சுது சாமி," என்றது போனில் காளிதாஸின் குரல். "வாரேன்."

திரையில் ஒரே ஓர் உருவம், சாம்பல் நிறத்தில், வாசலை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. சாய்ந்த தலைக்கும் தோளுக்கும் நடுவில் செல்போனை இடுக்கியிருந்தது.