இடப்பக்கத்து மானிட்டர்

மவுஸ் அம்பு திரையின் இடது ஓரத்தைத் தொட்டது. அங்கே நிற்காமல் வெளியே போய்விட்டது. பரிமளா மவுஸை வலப்பக்கம் இழுத்தாள். மேசையில் ஒரு முழம் இழுத்த பிறகுதான் அம்பு திரும்பித் தலை காட்டியது.

"எங்க போய்ட்டு வர நீ?" என்றாள் அதனிடம். இடப்பக்கம் இருந்தது சுவர். மழையில் ஊறி உப்புப் பூத்த வெறும் சுவர்.

காலையிலிருந்தே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உத்திரமேரூர் பஜாரில் இருக்கும் அந்த ஃபிளெக்ஸ் கடையில் ஒன்பது வருடமாக டிசைன் போடுகிறாள். முதலாளி கலைச்செல்வன் நேற்று அவளிடம் கேட்காமல் கொள்ளாமல் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணிவிட்டு, இன்று செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பதினொரு மணிக்குத் திரை இருண்டது. கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும் வரும் திரைக்குப் போய், ரீஸ்டார்ட் கொடுத்து, அப்டேட்டுக்கு முந்தைய பழைய கெர்னலில் ஏற்றிப் பார்த்து, அதற்கும் மசியாமல் கிராபிக்ஸ் டிரைவரைப் பிடுங்கி மறுபடி போட்டு, மூன்று மணிக்குத்தான் படம் வந்தது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

அதுவும் இன்றைக்குப் பார்த்து. வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் கீர்த்திக்கு மஞ்சள் நீராட்டு விழா. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பேனர் போட்டவள் தன் பெண்ணுக்குப் போடும் முதல் பேனர் இது. சிவப்பு ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையும் பாதிச் சிரிப்புமாகக் கீர்த்தி திரையின் நடுவில் நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு அஞ்சு மணிக்குள் சைக்கிளில் கடைக்கு வந்துவிடுவாள். வந்ததும் காட்ட வேண்டும்.

கலைச்செல்வனுக்குப் போன் போட்டாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"இன்னா பரிமளா?"

"இன்னாவா? கீறது ஒரு மானிட்டரு. இது ரெண்டு கீதுன்னு சொல்லிக்கினு கீது. ஒயுங்கா ஓடிக்கினு இருந்தத யாருணா உங்கள அப்டேட் பண்ணச் சொன்னது?"

"கோச்சிக்காதம்மா. சில கிராபிக்ஸ் கார்டு அப்டித்தான், இல்லாத மானிட்டர கீதுன்னு நெனச்சிக்கும். செட்டிங்ஸ்ல ரெண்டாவத ஆஃப் பண்ணு."

"மூணு வாட்டி பண்ட்டேன். திரும்பத் திரும்ப வந்துடுது."

"பின்னாடி கேபிள் பாத்தியா?"

குனிந்து பார்த்தாள். ஒரே கேபிள். இரண்டாவது துளையில் தூசிதான் அடைத்திருந்தது.

"அப்ப ஒரு ஸ்கிரீன்ஷாட் எடு. ரெண்டு ஸ்கிரீனும் ஒரே படமா சேந்து வரும். அங்க இன்னா கீதுன்னு தெரிஞ்சிடும்."

எடுத்தாள். நீளமான படம் ஒன்று வந்தது. வலப்பாதியில் கீர்த்தியின் பேனர். இடப்பாதியில், காலையில் அவள் திருப்புலிவனத்துப் பெரியவர் பச்சமுத்துவுக்குச் செய்த கண்ணீர் அஞ்சலி பேனர். பெயர் இருந்தது, தேதி இருந்தது. படம் வைக்கும் முட்டை வட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"காலைல போட்ட அஞ்சலி கீது," என்றாள். "படம் இல்லாம."

கலைச்செல்வன் தள்ளி வந்தார் போல, நாதஸ்வரம் தேய்ந்தது.

"வெளக்கு வெக்கலியா?"

இந்தக் கடையின் வழக்கம் அது. எல்லா அஞ்சலிக்கும் ஒரே டெம்ப்ளேட்தான். வேலை முடிந்ததும் இறந்தவர் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குத்துவிளக்குப் படத்தை வைத்த பிறகுதான் ஃபைலை மூடுவார்கள். காலியாக விட்டால் அது வேறொரு முகத்தைத் தேடும் என்பார் கலைச்செல்வன். காலையில் அவள் பச்சமுத்துவை எடுத்தாள். விளக்கை வைப்பதற்குள் திரை போய்விட்டது.

"கண்ணே தெரியாம நாலு மணி நேரம் முட்டிக்கினு கெடந்தேன். வெளக்கு ஒண்ணுதான் கொறச்சல்!" என்று போனை வைத்தாள். வைத்த பிறகுதான் உறைத்தது. மெஷினை நாலு முறை அணைத்து எழுப்பியிருக்கிறாள். அந்த ஃபைலை அவள் மறுபடி திறக்கவே இல்லை.

நாலு மணிக்குக் கரண்ட் போனது. கம்ப்யூட்டர் இன்வெர்ட்டரில் ஓடியது, விளக்குகள் இல்லை. பாதி இறக்கிய ஷட்டரில் மழை கொட்டுகிற சத்தம், பிரிண்டர் மையின் நெடி, ஈர ஃபிளெக்ஸ் சுருள்களின் ரப்பர் நாற்றம், இதற்கெல்லாம் அடியில் இன்வெர்ட்டரின் முனகல். ஒரே ஒரு மானிட்டரின் வெளிச்சத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, மகளின் படத்தைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினாள். கையை எடுத்தாள். படம் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் ஓரத்தில் மறைந்தது.

"சனியனே!"

அண்டூ கொடுத்தாள். வரவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள்.

கீர்த்தி அந்த முட்டை வட்டத்துக்குள் இருந்தாள். கறுப்பு வெள்ளையில். பரிமளா நிறத்தை எடுக்கவே இல்லை.

மேசையை ஓங்கிக் குத்தினாள். பயத்தை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது. விளக்குப் படத்தைத் திறந்து, கண் தெரியாத அந்தப் பக்கத்துக்குக் குத்துமதிப்பாக இழுத்து விட்டாள். ஸ்கிரீன்ஷாட். விளக்கு வட்டத்துக்கு வெளியே கிடந்தது. மறுபடி இழுத்தாள். ஸ்கிரீன்ஷாட். விளக்கு இன்னும் தள்ளிக் கிடந்தது. பச்சமுத்து என்ற பெயரைக் காணோம்.

மறுபடி. பெயர் வந்திருந்தது. செல்வி கீர்த்தி. வயது பதின்மூன்று. இன்றைய தேதி. மாலை 4.50.

மணி 4.41.

கீர்த்தியின் வகுப்பு டீச்சருக்குப் போன் போட்டாள். "சிட்டம்மாள் டீச்சர், கீர்த்தி கீறாளா அங்க? அனுப்பாதீங்க, நானே வரேன்."

"அவ மழைல நெனைஞ்சிக்கினே அப்பவே கெளம்பிட்டாளேம்மா."

பரிமளா எழுந்தாள். வாசலுக்கு ஓடவா, இதை முதலில் அணைக்கவா? அவள் கோபம் முடிவு செய்தது. இன்வெர்ட்டர் ஒயரைப் பிடித்து வேரோடு பிடுங்குவது போல இழுத்தாள்.

"எடுத்துக்குவியா? எம் பொண்ண எடுத்துக்குவியா நீ?"

திரை அணைந்தது. முனகல் நின்றது. மழை மட்டும்.

இருட்டவில்லை.

அவள் நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தது. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தது. சுவர்ப் பக்கமிருந்து. அவள் திரும்பவில்லை. திரும்ப மாட்டேன் என்று நின்றாள்.

ஷட்டருக்கு அடியில் சைக்கிள் மணி.

"அம்மா."

கீர்த்தி குனிந்து உள்ளே வந்தாள். பரிமளா பாய்ந்து போய் அவளை இறுக அணைத்துக்கொண்டாள். "ஏண்டி, மழைல யாருடி உன்னக் கெளம்பச் சொன்னது?" என்று கத்தினாள், முதுகில் ஒரு அடி வைத்தாள், மறுபடி அணைத்தாள். சட்டை காய்ந்திருந்தது. தலைமுடி காய்ந்திருந்தது.

மெல்ல விலக்கிப் பார்த்தாள்.

அந்த வெளிச்சத்தில் மூலையிலிருந்த சிவப்பு வாளி சிவப்பாக இருந்தது. நீலத் தார்ப்பாய் நீலமாக இருந்தது. காலையில் தன் கையால் கட்டிவிட்ட சிவப்பு ரிப்பன் சாம்பல் நிறத்தில் இருந்தது. கன்னமும். உதடும். பாதிச் சிரிப்பு. அசையாமல்.

மேசையில் போன் அடித்தது. சிட்டம்மாள் டீச்சர். மணி 4.52.

"எடுக்க மாட்டேன்," என்றாள் பரிமளா, பல்லைக் கடித்துக்கொண்டு. "எவ கூப்ட்டாலும் எடுக்க மாட்டேன்."

போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவள் அந்த ரிப்பனைக் கட்டைவிரலால் தேய்த்தாள், சிவப்பு வரட்டும் என்று, தேய்த்துக்கொண்டே இருந்தாள்.