படகுத்துறைக்கு நாலு இருக்கை

வீட்டில் அவளை வண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். பின்னே வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அப்பா லாரி ஓட்டுநர். கால் எலும்பு முறிந்து, ஆபரேஷனுக்காக இந்தப் பெரிய நகரத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, மூன்று பேரும் தங்கி ஐந்து வாரம் ஆகிவிட்டது. இன்னும் மூன்று வாரம் இருக்க வேண்டும்.

தினமும் வெயில் ஏறுவதற்கு முன் அம்மாவும் வண்டுவும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். எந்தத் தெருவில் நிழல், மழை பெய்தால் எந்தச் சந்தில் முழங்கால் தண்ணீர், எந்த நாய் சும்மா குரைக்கும், எது நிஜமாகவே கடிக்கும், எல்லாம் வண்டுவுக்கு அத்துப்படி. திரும்பி வந்ததும் அப்பாவிடம் மூச்சுவிடாமல் சொல்வாள்.

"தெருக்கோடியில ஆறு இருக்குப்பா. பஸ் மாதிரி படகு வருது. மோட்டார் சைக்கிளோட ஏறுறாங்க."

"அப்படியா?" என்று ஜன்னலைப் பார்ப்பார் அப்பா. வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும்.

தினமும் வெளியே நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடக்காவிட்டால் முட்டி மடங்காது, பிறகு லாரியில் ஏறவே முடியாது. ஆனால் முதல் நாளே நடுத்தெருவில் அப்பாவின் கால் நடுங்கிவிட்டது. முன்பின் தெரியாத இரண்டு பேர் அவரைத் தூக்கிவந்து விட்டார்கள். அதிலிருந்து அவர் வாசலைத் தாண்டவில்லை. "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். அந்த நாளை வரவே இல்லை.

அப்பாவைத் தடுப்பது வலி இல்லை, வெட்கம் என்று வண்டுவுக்குப் புரிந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அங்கங்க உட்கார இடம் இருந்தா வருவீங்களாப்பா?"

"இருந்தா வரலாம். தெருவுல யாரு நமக்கு நாற்காலி போட்டு வச்சிருக்கா?"

மறுநாள் வண்டு நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினாள். உட்காரவே தெரியாதவள் உட்கார இடம் தேடுகிறாளே என்று அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து பார்த்து, "சரி" என்று எழுதினாள்.

"உனக்குச் சரி. இவ்வளவு தாழ உட்கார்ந்தா அப்பாவால எழுந்திரிக்க முடியாது" என்றார் அம்மா.

வண்டு ஓடிப்போய், அப்பாவின் கட்டில் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டிக்கொண்டு வந்தாள். அதை வைத்து ஒவ்வோர் இடமாக அளந்தாள். பெட்டிக்கடைத் திட்டு இரண்டு விரல் குறைச்சல். தையல்காரம்மாவின் ஸ்டூல் சரி. கேட்டதும் அவர் தலையாட்டினார். பஸ் நிறுத்தம் சரி. தச்சுப்பட்டறை வாசலில் இருந்த பெஞ்சும் சரி. படகுத்துறை பெஞ்சு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. பெஞ்சுகளுக்கு யாரைக் கேட்பது? கேட்காமலே எழுதிக்கொண்டாள்.

அந்த நோட்டைப் பார்த்த பிறகு அப்பாவால் மறுக்க முடியவில்லை. மறுநாள் காலை ஊன்றுகோலை எடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். எல்லாம் ஒழுங்காகப் போனது.

தச்சுப்பட்டறை வாசலில் பெஞ்சைக் காணோம்.

அப்பாவுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. கால் நடுங்கத் தொடங்கியது. அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டு பட்டறைக்குள் ஓடினாள்.

"மாமா, வாசல்ல ஒரு பெஞ்சு இருந்ததே?"

"அது ஆர்டருக்குச் செஞ்சது பாப்பா. நேத்து சாயங்காலம் எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார் தச்சர், இழைத்துக்கொண்டே.

வண்டுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விற்கப்போகிற பெஞ்சையா நோட்டில் எழுதி வைத்தாள்?

"எங்கப்பாவுக்குக் கால் சரியில்ல மாமா. வெளிய நிக்கறாரு. உட்கார ஏதாவது குடுங்களேன்."

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். பாதி செய்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். "முதுகு இன்னும் வைக்கல. பரவாயில்லையா?"

அப்பா மெல்ல உட்கார்ந்தார். "முதுகு இல்லாட்டி என்னண்ணே, காலு நாலும் நல்லா இருக்கே" என்றார்.

தச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் லாரி, மரம் என்று ஏதேதோ பேசினார்கள். வெகுநேரம் கழித்துத்தான் அப்பா எழுந்தார்.

படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது ஒரு படகு கிளம்பத் தயாராக நின்றது. வண்டு சொன்னபடியே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக ஏறின. பெஞ்சில் உட்கார்ந்த அப்பா, படகு அக்கரை சேரும் வரை கண் எடுக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்த வண்டுவுக்கு, வாய்விட்டுப் பாட வேண்டும்போல சந்தோஷமாக இருந்தது.

"ரூமுக்கு ஒரு வண்டி பிடிக்கட்டுமா?" என்று அம்மா கேட்டார்.

"வேண்டாம். வந்த வழியே போனா பாத்ததையேதான் பாக்கணும். வண்டு, வேற தெரு இருக்கா?"

"பக்கத்துத் தெரு இருக்கு. அதே தூரம்தான். ஆனா அதுல எங்க உட்காரலாம்னு நான் பாக்கலையேப்பா."

அப்பா ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். "அதனால என்ன? யாரையாவது கேட்டுக்கலாம் வா."

மூன்று பேரும் அந்தப் புதுத் தெருவுக்குள் திரும்பினார்கள். அப்பாதான் முன்னால் போனார்.