நாச்சியார் எடுத்த வெற்றிலை

வைப்பாற்று மணல்மேடுகளுக்கு அப்பால் கதிரவன் இறங்க, பனங்காட்டு நிழல் நீண்டு வந்து கருங்கல்பாளையக் கோட்டை மதிலைத் தொட்ட அந்த வேளையில், குதிரைப்படைத் தலைவன் ராயப்பன் கொலுமண்டபத்து நடுவே வெள்ளித் தட்டொன்றைப் பார்த்தபடி கல்லாய்ச் சமைந்து நின்றான். தட்டில் இருந்தவை மூன்று வெற்றிலையும் ஒரு பாக்கும்தான்.

வெற்றிலைக்கா இத்தனை தயக்கம் என்று வாசகர்கள் நகைக்க வேண்டாம். பாளையக்காரர் நீட்டும் வெற்றிலையை எடுத்தவர் அவர் இட்ட காரியத்தை முடித்தே தீரவேண்டும். மறுநாள் பொழுது சாயும்வரை வேறெவரும் அதில் தலையிடலாகாது. முடிக்காவிட்டால் எடுத்தவர் தலை போகும். மறுத்தவரோ அக்கணமே கோட்டையை விட்டு வெளியேற வேண்டும். அன்று இடப்பட்ட காரியம், அக்கரையில் கூரைக்கோயில் எழுப்பி இருநூறு கிறிஸ்தவர்களோடு வாழ்ந்த வேதகுருவைச் சிறைப்பிடித்து வருவது. குருவை ஒப்படைக்கும்படி வடக்கிலிருந்து தூதன் ஒருவன் வந்து மிரட்டிவிட்டுப் போனதிலிருந்து பாளையக்காரர் சங்கரபாண்டியத் தேவருக்கு உறக்கமே இல்லை.

இரண்டு மாதங்களுக்கு முன்பே குரு தம் மக்களோடு மலைக்குப் போய்விட எண்ணினார். தடுத்தவன், தானும் கிறிஸ்தவனான இதே ராயப்பன்தான். “யாரை நம்பி இருக்கச் சொல்கிறாய்?” என்று குரு கேட்டார். காப்பாற்றுவதாகத் தேவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று மார்தட்டினான் இந்தப் புத்திசாலி. இப்போது அதை நினைக்கையில் வெட்கத்தால் அவன் முகம் கன்றியது.

காரியம் முடிந்தால் சேனை முழுவதும் அவன் கையில் என்றார் தேவர். அதோடு நிற்காமல், தம் தங்கை மகள் உலகநாச்சியாரையும் மணம் செய்து தருவதாகச் சொன்னார். மூன்றாண்டுகளாக ராயப்பன் மனத்தில் குடியிருந்தவள் அவள். திரைச்சீலைக்குப் பின்னால் வளையல்கள் மெல்ல ஒலித்தன. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“அரசே, தங்கள் சோற்றில் வளர்ந்த உடல் இது. எந்தப் போர்க்களத்திலும் இதைத் தருவேன். ஆனால் ஆண்டவரின் ஊழியரைக் காட்டிக்கொடுக்க எனக்குக் கை வராது. கடவுளை நம்பவேண்டிய இடத்தில் தங்களை நம்பினேன். பிழை என்னுடையது, இனிச் செய்யேன்.”

தேவர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை அடுத்த தலைவன் காலிங்கராயன் பக்கம் நகர்த்தச் சொன்னார். அவன் ஆவலோடு கை நீட்டுவதற்குள், திரையை விலக்கி வந்த வளைக்கரம் ஒன்று வெற்றிலையை எடுத்துக்கொண்டது.

பெண் எடுக்கலாகாது என்று யாரும் வாய் திறக்கவில்லை; முற்றுகை ஒன்றில் தேவரின் தாயாரே எடுத்ததைச் சபை அறியும்.

“மாமா, நாளைப் பொழுது சாயும்வரை தங்கள் வீரர் எவரும் ஆற்றைக் கடக்கலாகாது,” என்றாள் உலகநாச்சியார். “நானும் கடக்கப் போவதில்லை. அதன்பின் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்.”

எவனோ ஒரு பரதேசிக்காக உயிரை விடுவதா என்று தேவர் குரல் நடுங்கக் கேட்டார். அவள் முத்தாரத்துக்கு அடியில் மறைந்திருந்த மரமணி ஜெபமாலையை வெளியே எடுத்து, எல்லோரும் காண மார்பில் விட்டாள்.

“அவர் எனக்கும் குரு. சென்ற உயிர்ப்புத் திருநாளில் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றேன். என் பெயர் மதலேன்.”

அண்டையில் இருந்தும் இதை அறியாமற்போன ராயப்பனுக்குக் கண்கள் நிறைந்தன. அவளோ அவனைப் பார்த்து, மறுத்தவர் கோட்டைக்குள் நிற்கலாகாதே என்று நினைவூட்டினாள். குருவையும் மக்களையும் மலையேற்ற அவனுக்கு ஒரு முழுநாள் இருந்தது.

“நாளைப் பொழுது சாயுமுன் திரும்பி வந்து உம் பக்கத்தில் நிற்பேன்,” என்றான்.

“யாரை நம்பிச் சொல்கிறீர்?”

அவன் தேவரின் வாளைப் பார்த்தான். பிறகு அவள் மார்பில் கிடந்த சிலுவையைப் பார்த்தான்.

“இம்முறை அவரை,” என்று சொல்லிவிட்டு வெளியேறினான்.